முற்றவெளியில் ஒரு கூரை

யாழ்ப்பாணப் பொது நூலகம் என்றதும் எம்மவர்களின் நினைவில் முதலில் எழுவது தீ. 1981 ஆம் ஆண்டில் நிகழ்ந்த அந்தக் கொடுமை பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. இனியும் எழுதப்படும், எழுதப்படவும் வேண்டும். ஆனால், அந்தத் தீயின் வெளிச்சத்தில் கண் கூசிப்போன காரணத்தால், அதற்கு முந்திய ஒரு கதை பலருடைய பார்வைக்கும் தப்பிவிட்டது. கையில் அதிகம் பணமில்லாத ஒரு சிறு பட்டினம் தனது பொதுத் தேவைகளுக்கு எவ்வாறு இடம் தேடிக்கொண்டது என்பதே அக்கதை. வாடகை, காணி, கூரை, மேசை, நாற்காலி என்று மிகச் சாதாரணமான விடயங்களால் ஆனது அது. வீரமும் இல்லை, வில்லனும் இல்லை. ஆயினும், பின்னாளில் நேர்ந்த பேரிழப்பின் முழு அளவையும் விளங்கிக்கொள்ள வேண்டுமானால் அந்தச் சாதாரணக் கதையைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பிரித்தானியர் காலத்து யாழ்ப்பாணத்தில் பொதுப் பணிகள் என்பவை பெரும்பாலும் தருமத்தின் நிழலிலேயே பிறந்தன. அரசாங்கம் வரியை வசூலிப்பதில் காட்டிய வேகத்தை வைத்தியசாலை கட்டுவதில் காட்டவில்லை. இன்றைய யாழ். போதனா வைத்தியசாலையின் தொடக்கத்தைத் தேடிச் சென்றால் 1850 ஆம் ஆண்டில் போய் நிற்கவேண்டும். அப்போது வடமாகாண அரசாங்க அதிபராக இருந்தவர் பேர்சிவல் அக்லண்ட் டைக். அவருடைய முயற்சியால் 'பிரெண்ட் இன் நீட் சொசைட்டி' என்ற தரும சங்கத்தின் பெயரிலேயே அந்த ஆஸ்பத்திரி ஆரம்பிக்கப்பட்டது. நன்கொடைகளை நம்பி அரை நூற்றாண்டுக்கு மேல் இயங்கிய பின்னரே, 1907 இல், அது அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தது. ஆஸ்பத்திரி வீதிக்கு அப்பெயர் வந்த காரணமும் இதுவே.

கிராமங்களிலும் நிலைமை இத்தகையதே. எமது ஊர்களின் வாசிகசாலைகளை நினைத்துப் பாருங்கள். சந்தியில் ஒரு கடையின் விறாந்தை, கோயில் மடத்தின் ஒரு மூலை, அல்லது வெளிநாடு போன ஒருவரின் வளவுக்குள் நான்கு கப்பும் கிடுகும் கொண்ட கொட்டில். ஒரு நீள மேசை, இரண்டு வாங்குகள், அன்றைய பத்திரிகைகள். அவ்வளவுதான் மூலதனம். வாடகை கொடுக்க வேண்டிய தேவை இல்லாதபடியால் அவை உயிர் வாழ்ந்தன. ஆனால் இரவல் இடத்துக்கு ஒரு குணம் உண்டு. வளவின் சொந்தக்காரருக்கு மனம் மாறினால் வாசிகசாலையும் இடம் மாறவேண்டும். யார் வரலாம், யார் வரக்கூடாது, யார் வாங்கில் இருக்கலாம், யார் வெளியில் நிற்கவேண்டும் என்பதையும் அவரே தீர்மானிப்பார். 1930 அளவில் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சமாசனம் வழங்கவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது சில பாடசாலைகளுக்குத் தீ வைத்த சமூகம் எமது சமூகம். ஆகவே 'பொது' என்ற சொல்லுக்குத் தனிப்பட்டவர்களின் வளவுக்குள் உண்மையான பொருள் கிடைப்பது கடினமாகவே இருந்தது. பொதுப்பணிக்குப் பொதுவான ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் வெறும் வசதி பற்றியது மாத்திரமன்று.

இந்தப் பின்னணியிற்றான் கே. எம். செல்லப்பா என்ற பெயர் வருகிறது. நீதிமன்றத்தில் பணியாற்றிய அவர், 1933 இல், தமது வீட்டிலிருந்தே புத்தகங்களை மற்றவர்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துக்கு ஒரு மத்திய இலவசத் தமிழ் நூல் நிலையம் வேண்டும் என்று அந்த ஆண்டிலேயே பகிரங்க வேண்டுகோளும் விடுத்தார். 1934 ஜூன் 9 ஆம் திகதி யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பிரமுகர்களின் கூட்டம் ஒன்று நடைபெற்றது. ஐசாக் தம்பையாவைத் தலைவராகவும் செல்லப்பாவைச் செயலாளராகவும் கொண்டு ஒரு குழு அமைந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூல் நிலையம் திறக்கப்பட்டது. புத்தகங்கள் 844. பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் ஏறத்தாழ 30. மாத வாடகை 25 ரூபா.

இந்த 25 ரூபாவைச் சற்று நிறுத்தி நிதானமாக நோக்கவேண்டும். குழுவினர் ஊரெல்லாம் திரிந்து சேர்த்த நிதி 1,184 ரூபா 22 சதம். ஆண்டுக்கு வாடகை 300 ரூபா. அதாவது ஒரு புத்தகம்கூட வாங்காமல், ஒரு நாற்காலிகூடச் செய்விக்காமல், எவருக்கும் ஒரு சதம் சம்பளம் கொடுக்காமல் இருந்தாலும் நான்கு ஆண்டுகள் நிறைவதற்கு முன்னரே அந்த நிதி முழுவதையும் வாடகை விழுங்கியிருக்கும். ஊரவரிடம் புத்தகம் கேட்டால் கொடுப்பார்கள். பழைய மேசை கேட்டாலும் கொடுப்பார்கள். ஆனால் மாதம் பிறந்தால் வாடகை கொடு என்று கேட்பவருக்கு நன்கொடையாளர் நிரந்தரமாகக் கிடைப்பதில்லை. ஒரு தடவை கொடுப்பது தருமம். ஒவ்வொரு மாதமும் கொடுப்பது கடமை. தருமத்துக்கு ஆள் சேர்ப்பது எளிது. கடமைக்கு ஒரு நிறுவனம் வேண்டும்.

அக்குழுவினருக்கு இது தெரிந்திருந்தது என்பதற்கு அவர்கள் அடுத்துச் செய்த காரியமே சான்று. திறந்து ஐந்தே மாதங்களில், 1935 ஜனவரி முதலாம் திகதி, நூல் நிலையத்தை யாழ்ப்பாண நகர சபையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். தாம் தொடங்கியதைத் தம் பெயரிலேயே வைத்திருக்கவேண்டும் என்ற ஆசை எமது சங்கங்களுக்கு இயல்பாகவே உண்டு. அந்த ஆசைக்கு இடம் கொடாமல், வரிப்பணத்தில் இயங்கும் சபையின் தலையில் அந்தச் சுமையை ஏற்றியது மிகப் பெரிய தீர்க்கதரிசனம். அன்றிலிருந்து நூலகம் ஒரு தனிமனிதரின் நல்லெண்ணமாக இல்லாமல் பட்டினத்தின் உரிமையாக மாறியது.

சபைக்கும் பணம் கொட்டிக்கிடக்கவில்லை. நூல் நிலையம் ஆஸ்பத்திரி வீதியிலிருந்து பிரதான வீதியில் இன்னொரு வாடகை இடத்துக்குப் போயிற்று. 1936 இல் நகர மண்டபம் எழுந்தபின்னர் அதன் அருகிலிருந்த கட்டிடத்துக்கு மாறியது. இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று இடங்கள். வீடு மாறிய அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும், புத்தகத்தைப் போல் பாரமான சாமான் வேறில்லை.

இங்குதான் முற்றவெளி கதைக்குள் நுழைகிறது. யாழ்ப்பாணம் அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்கம் தேவை. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் இடித்துப் பெருப்பித்துக் கட்டிய கோட்டை பண்ணைக் கடலோரத்தில் நிற்கிறது. கோட்டைக்கும் பட்டினத்துக்கும் இடையில் பரந்த வெளியொன்று உண்டு. அதுவே முற்றவெளி. கோட்டையைத் தாக்க வருபவன் மறைந்து நிற்க ஒரு சுவரோ மரமோ இருக்கக்கூடாது. பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாயவேண்டும். அதற்காகவே கோட்டை வாசலில் இத்தகைய வெளிகளைக் கட்டிடம் எழும்பாமல் காத்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெற்ற பின்னர் பீரங்கிகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. பட்டினத்தின் நடுவில், தனியாருக்குச் சொந்தமில்லாத, விலை கொடுத்து வாங்கத் தேவையில்லாத பெருநிலம் ஒன்று சும்மா கிடந்தது.

ஏழைப் பட்டினத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? யாழ்ப்பாணத்தில் காணி என்பது சீதனம், முதுசம், வழக்கு, வரம்பு என்று நூறு முடிச்சுகள் கொண்ட பொருள். ஒரு பரப்புக் காணிக்கு இருபது பேர் பங்கு கேட்கும் ஊரில், பொதுக் கட்டிடத்துக்காகப் பட்டினத்தின் நடுவே காணி வாங்குவது எந்தச் சபையாலும் இயலாத காரியம். ஆகவே முற்றவெளியைச் சுற்றியே பட்டினத்தின் பொதுவாழ்வு வளர்ந்தது. வேல்ஸ் இளவரசரின் 1875 ஆம் ஆண்டு இலங்கை வருகையின் நினைவாக மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்தது. நகர மண்டபம், வாடிவீடு, பொலிஸ் நிலையம், தபாலகம், சுப்பிரமணியம் பூங்கா, விளையாட்டரங்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கூட்டுறவு இயக்கத்தின் வீரசிங்கம் மண்டபமும் அந்த அயலிலேயே அமைந்தது. மாலையில் முனியப்பரைக் கும்பிட்டுவிட்டுக் காற்று வாங்கப் போகிறவர், நூல் நிலையத்தில் பத்திரிகை பார்த்து, மண்டபத்தில் ஒரு கூட்டத்தையும் கேட்டுவிட்டு வீடு திரும்பலாம். எல்லாம் நடை தூரத்தில்.

1949 இல் யாழ்ப்பாணம் மாநகர சபையாகத் தரமுயர்ந்தது. முதல் மேயர் சாம் ஏ. சபாபதி. வாடகை இடங்களிலும் ஒண்டுக் குடித்தனத்திலும் காலங்கழித்த நூல் நிலையத்துக்குச் சொந்தக் கட்டிடம் வேண்டும் என்று 1952 ஜூன் மாதத்தில் அவர் தலைமையில் கூடிய கூட்டம் தீர்மானித்தது. அந்த முயற்சியில் தோள் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த லோங் அடிகளார். அயர்லாந்தில் பிறந்த கத்தோலிக்கக் குருவானவர், பெரும்பான்மையாகச் சைவர்கள் வாழும் பட்டினத்தின் நூலகத்துக்காக உழைத்தார். நூலக இயலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசகரானார். சென்னையைச் சேர்ந்த கட்டிடக் கலைஞர் நரசிம்மன் திராவிடக் கட்டிடக் கலையின் சாயலில் வரைபடம் தயாரித்தார். 1954 இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

காணிக்கு விலை கொடுக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனால் கட்டிடத்துக்குப் பணம் வேண்டும். அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதிற் சிறு பட்டினங்களுக்கான பாடம் ஒன்று உள்ளது. முழுக் கட்டிடத்துக்கும் பணம் சேரும்வரை காத்திருக்கவில்லை. ஒரு பகுதியைக் கட்டினார்கள், திறந்தார்கள், பிறகு அடுத்த பகுதிக்குப் போனார்கள். ஏஷியா பவுண்டேஷனும் இந்தியத் தூதரகமும் உதவின, உள்ளூரவரும் கொடுத்தார்கள். 1959 ஒக்டோபர் 11 ஆம் திகதி முதற்கட்டத்தை மேயர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார். சிறுவர் பகுதி 1967 இலும், கேட்போர் கூடம் 1971 இலும் வந்து சேர்ந்தன. நூலகம் என்பது வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதைத் தமது விதிகளுள் ஒன்றாகவே வைத்தவர் இரங்கநாதன். அவருடைய விதிக்கு யாழ்ப்பாணத்தின் பணமுடையும் ஒத்துழைத்தது என்று சொல்லலாம். 844 புத்தகங்களுடன் தொடங்கிய இடத்தில் 1981 அளவில் ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் இருந்தன.

பல்கலைக்கழகம் வந்த விதத்தையும் இங்கு ஒப்பிடலாம். 1974 இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் ஆரம்பிக்கப்பட்டபோது புதிய கட்டிடத்துக்காக எவரும் காத்திருக்கவில்லை. சேர். பொன். இராமநாதன் 1921 இல் நிறுவிய திருநெல்வேலி பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டிடங்களே வளாகமாயின. விஞ்ஞான பீடத்துக்கு வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவு இடம் கொடுத்தது. ஒரு தலைமுறை கட்டிய கூரையின் கீழ் அடுத்த தலைமுறை குடியேறியது. ஆனால் அந்தக் கூரையின் கீழிருந்த கல்லூரி இல்லாமற் போயிற்று. பரமேஸ்வராவின் பழைய மாணவர் சிலருக்கு அந்தக் கவலை நீண்ட காலம் இருந்தது. பொதுத் தேவைக்கு இடம் கிடைக்கும்போது யாரோ ஒருவர் தமது இடத்தை இழக்கிறார் என்பதும் கணக்கில் வரவேண்டியதே.

முற்றவெளியின் கணக்கும் மெல்ல மெல்ல வெளிவரத் தொடங்கியது. 1974 ஜனவரி 10 ஆம் திகதி, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள் நிகழ்ச்சி. வீரசிங்கம் மண்டபத்துக்குள் அடங்காத மக்கள் கூட்டம் வெளியில் நிரம்பி வழிந்தது. பொலிசார் புகுந்தார்கள். உயிர்கள் பறிபோயின. 1981 மே இறுதியும் ஜூன் தொடக்கமுமான இரவுகளில், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்காக வெளியிடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்த பொலிசார் பட்டினத்தில் கட்டுக்கடங்காமற் திரிந்தபோது நூலகம் எரிந்தது. 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது. நூலகம் எரிவதைப் பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார்.

அடுத்த ஆண்டே மக்கள் புத்தகம் சேர்த்தார்கள். திருத்த வேலைகள் நடந்தன. 1984 இல் நூலகம் மீண்டும் இயங்கும் நிலைக்கு வந்தது. ஆனால் அதற்குள் கோட்டை விழித்துக்கொண்டது. இராணுவம் கோட்டைக்குள், போராளிகள் வெளியே, இடையில் முற்றவெளி. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் எதற்காக அந்த நிலம் வெறுமையாக விடப்பட்டதோ அதே வேலைக்கு அது திரும்பியது. 1985 இல் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து படையினர் நூலகத்துக்குள் புகுந்து குண்டுகளை வெடிக்கவைத்தனர். 1990 ஆம் ஆண்டின் கோட்டை முற்றுகையும் சேர்ந்து நகர மண்டபத்தையும் அயலிலிருந்த பொதுக் கட்டிடங்களையும் கற்குவியலாக்கின.

இதை எண்ணும்போது மனம் கனக்கிறது. பட்டினத்தின் மிக மலிவான நிலம் பீரங்கிக்கு முன்னால் இருந்த நிலம். மலிவாகக் கிடைத்த காரணத்தாலேயே பொதுச் சொத்துகள் யாவும் அங்கு ஒன்றாகக் குவிந்தன. ஒன்றாகக் குவிந்திருந்தபடியால் ஒன்றாகவே அழிந்தன. 1936 இலோ 1954 இலோ அந்த இடத்தைத் தெரிவு செய்தவர்களைக் குறை சொல்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை. அன்று கோட்டை ஒரு பழம்பொருள். அது மீண்டும் சுடும் என்று எவர்தான் நினைத்திருப்பார்? அவர்கள் தங்கள் கையிலிருந்த காசுக்குக் கிடைத்த மிகச் சிறந்த இடத்தையே தெரிவு செய்தார்கள். வாடகை இல்லாத நிலத்துக்கான வாடகையை ஐம்பது ஆண்டுகள் கழித்து வரலாறு ஒரேயடியாக அறவிட்டது.

தன் கட்டிடத்தை இழந்த மாநகர சபை நல்லூரில் போய்க் குடியிருந்தது. பட்டினத்தின் நடுவில் இருக்கவேண்டிய சபை, கந்தசுவாமி கோயிலின் அயலில் இருந்துகொண்டு பட்டினத்தை நிருவகிக்கவேண்டியதாயிற்று. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமமே வெறுமையானபோது மக்களுக்கு மடங்களும் பாடசாலைகளும் மரநிழலுமே கூரையாயின. மீண்டும் இரவல் இடம். வாசிகசாலைக் கொட்டிலிலிருந்து தொடங்கிய கதை ஒரு முழு வட்டம் போட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது.

நூலகத்துக்கு மறுவாழ்வு வந்தது. சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கம் 1998 அளவில் புனரமைப்பைத் தொடங்கியது. எரிந்த சுவர்களை நினைவுச் சின்னமாக விடவேண்டும் என்றும், வெள்ளை பூசிக் குற்றத்தை மறைக்கப் பார்க்கிறார்கள் என்றும், இல்லை, எமது பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும் என்றும் காரசாரமான விவாதங்கள் நடைபெற்றன. 2003 இல் திறப்பு விழாவுக்கு எழுந்த எதிர்ப்பில் மாநகர சபை உறுப்பினர்களே பதவி விலகினார்கள். 2004 இல் வாசகர்களுக்காகக் கதவு திறந்தது. நகர மண்டபத்துக்கோ அந்த வாய்ப்பு விரைவில் கிடைக்கவில்லை. அதைத் திரும்பக் கட்டுவதற்கு அடிக்கல் நாட்டப்பட்டதே 2019 இல்தான்.

நூலகத்தின் அயலில் இப்போது பதினொரு மாடிக் கோபுரத்துடன் ஒரு கலாசார மையம் நிற்கிறது. இந்தியாவின் நன்கொடை. 2015 இல் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டியது. 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. 2025 இல் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. அழகான கட்டிடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டி முடிந்தவுடன் எழுந்த கேள்வி என்ன தெரியுமா? மின்சாரக் கட்டணத்தையும் பராமரிப்பையும் யார் ஏற்பது? மாநகர சபையின் வருமானத்துக்கு அந்தச் சுமை மிக அதிகம் என்பது அப்போது பகிரங்கமாகவே பேசப்பட்டது. கட்டிடம் இலவசம், அதைத் திறந்துவைத்திருப்பது இலவசமன்று. ஆஸ்பத்திரி வீதி அறையின் 25 ரூபாவும் இந்தப் பதினொரு மாடியின் மின்கட்டணமும் அடிப்படையில் ஒரே கேள்விதான்.

உலகெங்கும் வாழும் எம்மவர்கள் இதைப் படிக்கிறபடியால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். போர் முடிந்த 2009 க்குப் பின்னர் வெளிநாட்டுப் பணத்தில் ஊர்களில் எழுந்த கட்டிடங்கள் பல. பழைய மாணவர் மண்டபம், ஊர்ச் சங்க மண்டபம், தாயாரின் நினைவாக ஒரு வாசிகசாலை. வாசலில் சலவைக் கல்லில் கொடையாளியின் பெயர் பளபளக்கிறது. கதவில் பூட்டுத் தொங்குகிறது. கட்டுவதற்குக் காசு வந்தது; திறந்து, கூட்டி, விளக்கேற்றி, பத்திரிகை வாங்கி வைப்பவருக்குக் கொடுக்க மாதாமாதம் காசு வரவில்லை. இத்தகைய மண்டபங்களைக் கட்டுகிற அன்பர்கள் செல்லப்பாவின் குழுவைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். அவர்கள் கட்டிடம் கட்டவில்லை. சிறிய அறை ஒன்றை எடுத்தார்கள், முதலில் புத்தகத்தையும் வாசகரையும் அதற்குள் சேர்த்தார்கள், பிறகு அந்த மாதச் செலவை நிரந்தரமாகச் சுமக்கக்கூடிய ஒரு சபையிடம் பணிவோடு ஒப்படைத்துவிட்டு விலகினார்கள். கட்டிடம் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தே வந்தது.

தீயில் எரிந்தது 97,000 நூல்கள் மட்டுமன்று. வாடகை கட்டி, இடம் மாறி, பகுதி பகுதியாகச் சுவர் எழுப்பி, ஒரு பட்டினம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பொறுமையும் எரிந்தது. நூல்களில் பலவற்றைத் திரும்ப வாங்கலாம். கட்டிடத்தையும் திரும்பக் கட்டலாம், கட்டியும் விட்டார்கள். அந்தப் பொறுமையைத் திரும்பச் சம்பாதிப்பதற்கு, மாதம் 25 ரூபா என்று மறுபடி கணக்குப் பார்க்கத் தெரிந்த மனிதர்கள் வேண்டும்.